பொருந்தாத புள்ளியை அழிக்காதீர்கள்!



சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் விண்மீன்கள் எவை என்று கேட்டால், ஆல்ஃபா சென்டாரி என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் சிரியஸையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதே தெருவில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சில விந்தையான குடித்தனக்காரர்களும் உண்டு. உருவம் பூமியளவு, எடையோ ஏறக்குறைய சூரியனளவு! எரிபொருள் தீர்ந்துபோய், முன்பு சேர்த்துவைத்த வெப்பத்தை மட்டும் மெல்ல மெல்லச் செலவழித்துக்கொண்டிருக்கும் விண்மீன்கள் இவை. 'வெள்ளைக் குள்ளர்கள்' என்பது இவற்றின் பெயர். இன்னும் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு நம் சூரியனும் இப்படித்தான் ஆகும்.

இவற்றைத் தேடிக் கண்டுபிடித்து வகை பிரித்த வரலாறு சுவையானது. ஆனால் கதை சொல்வது மட்டுமே என் நோக்கமன்று. இக்கதையைச் சாட்சியாக வைத்து ஒரு வழக்கை உங்கள் முன் வாதாட விரும்புகிறேன்.

கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியன் நான். ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். ஆறு அளவீடுகள் எடுப்பார்கள். ஐந்து ஒழுங்காக வரும். ஆறாவது விலகி நிற்கும். உடனே ரப்பர் வெளியே வரும்! ஆறாவது அளவீடும் மற்ற ஐந்தைப் போல மாறிவிடும். வரைபடத்தாளில் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி, மறுநாள் ரெக்கார்டு நோட்டில் சாதுவாகக் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். "ஏனப்பா?" என்று கேட்டால், "விடை சரியாக வரவேண்டுமே, சார்!" என்பார்கள். இது பள்ளியிலேயே தொடங்கிவிடும் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தின் மீதுதான் என் வழக்கு. வெள்ளைக் குள்ளர்களின் வரலாறு முழுவதும் விலகி நின்ற ஒரு புள்ளியின் வரலாறு என்றே சொல்லலாம். யாராவது ஒருவர் அங்கே ரப்பரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பார்ப்போம்.

சிரியஸின் தள்ளாட்டம்

இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஜெர்மானிய வானியல் அறிஞர் பெஸ்ஸல் பல ஆண்டுகளாகப் பதிவான சிரியஸின் இருப்பிடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். விண்மீன் தன் வழியில் நேராகச் செல்லவேண்டும். சிரியஸோ பாதையில் மிக நுண்ணிய அளவில் இப்படியும் அப்படியுமாக வளைந்து சென்றது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-ஆம் ஆண்டில் பெஸ்ஸல் அறிவித்தார்.

அதே 1844-இல் நம் சென்னையிலும் ஒரு பெரும் பணி முடிந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான் ஆய்வகத்தில் டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து அட்டவணையாக வெளியிட்டார். இரவுதோறும் விழித்திருந்து எண்களை எழுதி வைப்பது சலிப்பூட்டும் வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒரு விண்மீன் தள்ளாடுகிறது என்பதை அறிய, அது பத்தாண்டு, ஐம்பதாண்டு முன்பு எங்கே இருந்தது என்று யாரோ நேர்மையாக எழுதி வைத்திருக்க வேண்டுமல்லவா?

1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் தாம் செய்த புதிய லென்ஸைச் சோதிக்கச் சிரியஸை நோக்கியபோது, அதன் அருகில் மங்கலான புள்ளி ஒன்றைக் கண்டார். பெஸ்ஸல் சொன்ன துணை அதுவே! எடை சூரியனளவு, ஒளியோ சிரியஸில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மங்கலாக இருப்பதால், அது குளிர்ந்துபோன சிவப்பு விண்மீனாக இருக்கும் என்றே எண்ணிக்கொண்டார்கள்.

தனித்து நின்ற புள்ளி

அடுத்த காட்சி 1910-இல், அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில். ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் என்ற அறிஞர், விண்மீன்களின் ஒளிர்வுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் அண்டை விண்மீன்களில் மங்கலானவை எல்லாம் சிவப்பாகவே இருக்கும் என்பது அவர் கண்ட ஒழுங்கு. எரிடானஸ் தொகுதியில் உள்ள '40 எரிடானி' என்னும் விண்மீனுக்கு மங்கலான ஒரு துணை உண்டு. அதை '40 எரிடானி பி' என்பார்கள். 1783-இலேயே வில்லியம் ஹெர்ஷல் பார்த்துப் பதிந்து வைத்தது அது. "அதன் நிறமாலை என்ன வகை?" என்று ஆய்வக இயக்குநர் பிக்கரிங்கிடம் ரஸ்ஸல் கேட்டார். பிக்கரிங் தொலைபேசியில் திருமதி வில்லியமினா ஃபிளெமிங் அம்மையாரின் அறைக்குச் சொன்னார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 'ஏ' வகை.

'ஏ' வகை என்றால் வெண்மையாகச் சுடரும், மிகச் சூடான விண்மீன். சிரியஸே அவ்வகைதான். மங்கலான விண்மீன் எப்படி வெண்சூட்டில் இருக்க முடியும்? ரஸ்ஸல் திகைத்துப் போனார். விளங்காத இத்தகைய விதிவிலக்குகளே நம் அறிவை வளர்ப்பவை என்று பிக்கரிங் அவரைத் தேற்றினாராம்.

இங்கே ஃபிளெமிங் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். முதலில் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1881-இல் ஆய்வகப் பணியில் சேர்ந்து, ஆயிரக்கணக்கான நிறமாலைகளை வகை பிரித்தவர். அன்று அவர், "மங்கலான விண்மீன் 'ஏ' வகையாக இருக்க முடியாதே! சிவப்பு என்று சொல்லிவைப்போம்" என்று எண்ணியிருந்தால்? கண்ணாடித் தகட்டில் இருந்ததை இருந்தபடி சொன்னார். வேறொன்றும் செய்யவில்லை. அதுவே பெரிய காரியமாயிற்று.

1914-இல் ரஸ்ஸல் தம் புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட்டார். மேலிருந்து கீழாக ஒளிர்வு. இடமிருந்து வலமாக வெப்பநிலை. விண்மீன்கள் எல்லாம் ஒழுங்கான பட்டைகளாக அமைந்தன. இடப்பக்கக் கீழ் மூலையில் மட்டும் ஒரே ஒரு புள்ளி தன்னந்தனியாக நின்றது. அதுதான் 40 எரிடானி பி. அருகிலுள்ள பெரிய விண்மீனின் ஒளியால் இதன் நிறமாலையைப் பார்ப்பது கடினம் என்று ரஸ்ஸல் குறிப்பெழுதினார். ஆனால் புள்ளியை அழிக்கவில்லை!

அடுத்த ஆண்டே, 1915-இல், மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் வால்ட்டர் ஆடம்ஸ் சிரியஸின் துணையும் வெண்மையாகவே சுடர்கிறது என்று காட்டினார். மூலையில் நின்ற புள்ளிக்குத் துணை கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

இதன் பொருள் என்ன? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பென்சிலும் தாளும் போதும்.

சிரியஸ் துணையின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 25,000 கெல்வின். சூரியனுடையது சுமார் 5,770 கெல்வின். ஆக, 4.33 மடங்கு. சூடான பொருளின் ஒவ்வொரு சதுர மீட்டரும் வெளிவிடும் ஆற்றல், வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 4.33-ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 350. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனைப் போல 350 மடங்கு ஒளிர்கிறது. ஆனால் அது வெளிவிடும் மொத்த ஆற்றலோ சூரியனில் 40-இல் ஒரு பங்குதான்! அப்படியானால் அதன் மேற்பரப்பு சூரியனில் 350 × 40 = 14,000-இல் ஒரு பங்கு. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வர்க்கமூலம் காணுங்கள். ஆரம் ஏறத்தாழ 118-இல் ஒரு பங்கு. சூரியனின் ஆரம் 6,96,000 கி.மீ. அதை 118-ஆல் வகுத்தால் சுமார் 5,900 கி.மீ. நம் பூமியின் ஆரமே 6,371 கி.மீ. அல்லவா?

பூமியைவிடச் சிறிய பந்துக்குள் ஒரு சூரியனின் எடை! ஒரு கன சென்டிமீட்டர் 2 டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஒரு தேக்கரண்டிப் பொருளை ஏற்ற ஒரு லாரி வேண்டும். இப்படி ஒரு பொருள் இருக்க முடியுமா என்று அக்காலத்து அறிஞர்கள் நம்ப மறுத்ததில் வியப்பில்லை.

கடலில் போட்ட கணக்கு

புதிருக்கு விடை குவாண்டம் இயற்பியலில் இருந்து வந்தது. எலக்ட்ரான்களை ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க இயற்கை அனுமதிப்பதில்லை. அந்த நெருக்கத்தில் அவை திருப்பித் தள்ளும் அழுத்தமே வெள்ளைக் குள்ளனைத் தாங்குகிறது என்று 1926-இல் இங்கிலாந்தின் ஃபௌலர் விளக்கினார்.

இதைப் படித்தவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். பயணத்தின்போது ஃபௌலரின் கணக்கில் சார்பியல் கொள்கையையும் சேர்த்துப் பார்த்தார். எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அவற்றின் தாங்கும் திறன் போதாமல் போகிறது என்று கண்டார். வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு! சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்று 'சந்திரசேகர் வரம்பு' என்று நீங்கள் படிப்பது இதுதான். 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் இதை எள்ளி நகையாடினார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சந்திரசேகரை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மேடைகளில் நாம் சொல்லும் கதையில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. பேனாவும் தாளும் கொண்டு ஒரு மேதை விண்ணை வென்றார் என்று மட்டும் சொல்கிறோம். அவர் கணக்கிட்ட பொருளை வானில் காட்டிக்கொடுத்தவர்கள் யார்? பெஸ்ஸலும், ஃபிளெமிங் அம்மையாரும், பொருந்தாத புள்ளியை விட்டுவைத்த ரஸ்ஸலும் அல்லவா? அளப்பது கீழான வேலை, கணக்கிடுவது மேலான வேலை என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் வளர்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

தேடும் வழிகள்

அடுத்து, மற்ற குள்ளர்களை எப்படித் தேடிப் பிடித்தார்கள்? வீட்டு முற்றத்தில் பறக்கும் சிட்டுக்குருவி கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். அதைவிடப் பன்மடங்கு வேகமாகப் பறக்கும் விமானமோ வானில் ஊர்வது போலத் தெரியும். அருகில் இருப்பது விரைவாக நகர்வதாகத் தோன்றும். விண்மீன்களுக்கும் இதே விதிதான். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, இடம் மாறிய விண்மீனைப் பிடித்தால், அது பெரும்பாலும் அண்டைவீட்டுக்காரராக இருக்கும். அருகில் இருந்தும் மங்கலாக, அதே சமயம் வெண்மையாக இருந்தால், ஆள் அகப்பட்டார்!

இந்த வேலைக்கே வாழ்வைக் கொடுத்தவர் வில்லம் லூய்டன். 1922-இல் 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர் சூட்டியவரும் இவரே. 1925-இல் விபத்தில் ஒரு கண் பார்வை போயிற்று. மீதி ஒரு கண்ணோடு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நகர்வுகளை அளந்து பட்டியலிட்டார்.

தொலைவை அளக்க வேறு வழி உண்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு ரயிலில் வரும்போது சன்னல் வழியே பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய பனைமரங்கள் பின்னோக்கி ஓடும். பொதிகை மலை அசையாது. பூமி சூரியனைச் சுற்றுவதால் நாமும் ஒரு ரயிலில்தான் இருக்கிறோம். அருகிலுள்ள விண்மீன் ஆண்டுக்கொரு முறை சற்றே இடம் மாறித் திரும்புவது போலத் தோன்றும். அந்த மாற்றத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம்.

2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய 'கையா' விண்கலம் இந்த அளவீட்டை ஏறத்தாழ 200 கோடி வான்பொருள்களுக்குச் செய்தது. 2025 ஜனவரியில் அளக்கும் பணியை முடித்துக்கொண்டது. அதன் அளவீடுகளிலிருந்து சுமார் 3,59,000 வெள்ளைக் குள்ளர்கள் இருக்கலாம் என்று 2021-இல் பட்டியல் வந்தது. சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 130 ஒளியாண்டுக்குள் மட்டும் 1,076 குள்ளர்களை நிறமாலை எடுத்து உறுதி செய்ததாக 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ரஸ்ஸலின் படத்தில் ஒற்றைப் புள்ளி நின்ற மூலை இன்று ஒரு பெரிய ஊராகிவிட்டது!

நம் நாடும் இத்தேடலில் பின்தங்கவில்லை. பிரகாசமான விண்மீனின் அருகே ஒளிந்திருக்கும் சூடான குள்ளனை, சாதாரண ஒளியில் பார்ப்பதைவிடப் புற ஊதா ஒளியில் பார்ப்பது எளிது. 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஆஸ்ட்ரோசாட்' விண்கலத்தில் அத்தகைய தொலைநோக்கி இருக்கிறது. அதைக் கொண்டு நம் அறிஞர்கள் தொலைவிலுள்ள விண்மீன் கொத்துகளில் மறைந்திருக்கும் வெள்ளைக் குள்ளர்களைக் கண்டுள்ளனர். அத்தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்நின்ற இந்திய வானியற்பியல் நிறுவனம், அன்றைய சென்னை வான் ஆய்வகத்தின் வழிவந்ததுதான். காவலூர் வான் ஆய்வகமும் அதனுடையதே.

எழுத்துகள் சொல்லும் செய்தி

கண்டுபிடித்தால் போதுமா? வகை பிரிக்க வேண்டும். 1983-இல் எட்வர்டு சியானும் அவருடன் சேர்ந்தவர்களும் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. எல்லாப் பெயர்களும் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த எழுத்து நிறமாலையில் தெரியும் கருவரிகளைக் குறிக்கும். ஹைட்ரஜன் வரிகள் தெரிந்தால் 'டிஏ'. ஹீலியம் வரிகள் என்றால் 'டிபி'. கார்பன் தெரிந்தால் 'டிக்யூ'. கால்சியம், இரும்பு போன்ற கன தனிமங்கள் தெரிந்தால் 'டிஇசட்'. எந்த வரியுமே தெரியாவிட்டால் 'டிசி'. பின்னால் வரும் எண் வெப்பநிலைக்கானது: 50,400-ஐ வெப்பநிலையால் வகுக்கவேண்டும். சிரியஸ் துணைக்கு 50,400-ஐ 25,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2. எனவே அது 'டிஏ2'.

'இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?' என்று முகம் சுளிக்காதீர்கள். தேவையில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்வி என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். குழம்பைக் கிண்டாமல் வைத்தால் கனமானவை அடியில் தங்கி, எண்ணெய் மேலே மிதக்கிறது. வெள்ளைக் குள்ளனின் ஈர்ப்பு மிகக் கடுமையானது. அங்கே கனமான தனிமங்கள் எல்லாம் விரைவில் உள்ளே அமிழ்ந்துபோகும். மேலே ஹைட்ரஜனோ ஹீலியமோதான் மிஞ்சும். அப்படியானால் 'டிஇசட்' விண்மீனின் மேற்பரப்பில் கால்சியமும் இரும்பும் எப்படி வந்தன?

1917-இல் வான் மானென் என்ற அறிஞர் விரைவாக நகரும் மங்கலான விண்மீன் ஒன்றைக் கண்டார். தொலைவு 14 ஒளியாண்டு. அதே ஆண்டு ஆடம்ஸ் அதன் நிறமாலையைக் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தார். தகட்டில் கால்சியம் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. அவ்வரிகளைக் கண்டு அதைச் சூரியனைவிடச் சற்றே சூடான சாதாரண விண்மீன் வகையில் சேர்த்தார்கள். அது வெள்ளைக் குள்ளன் என்பது பின்னர் புலப்பட்டது. கால்சியம் ஏன் என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. இன்று விளங்குகிறது: அக்குள்ளனைச் சுற்றிவந்த சிறுகோள்கள் போன்ற பாறைகள் சிதைந்து அதன் மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. அதாவது, அங்கே கோள்கள் கொண்ட குடும்பம் ஒன்று இருந்திருக்கிறது! வேறு சூரியக் குடும்பங்கள் உண்டு என்பதற்கான மிகப் பழைய தடயம், 1917-ஆம் ஆண்டுத் தகட்டிலேயே இருந்தது என்று 2016-இல் எடுத்துக்காட்டினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அத்தகடு ஆவணக் காப்பறையில் காத்துக் கிடந்தது. பொருள் தெரியாத வரிகளை அன்று யாரும் சுரண்டி எடுத்துவிடவில்லை.

சரியான விடையின் ஆபத்து

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் இதே வரலாற்றில் உண்டு. கடும் ஈர்ப்பிலிருந்து வெளிவரும் ஒளி சற்றே சிவப்புப் பக்கம் நகரும் என்பது ஐன்ஸ்டைனின் கொள்கை. சிரியஸ் துணையில் அந்த நகர்வு விநாடிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்துக்கு ஈடாக இருக்கும் என்று 1924-இல் எடிங்டன் கணக்கிட்டார். 1925-இல் ஆடம்ஸ் அளந்தார்: 21 கி.மீ.! உலகமே பாராட்டியது. இன்னொருவர் அளந்தபோதும் ஏறத்தாழ அதே விடை வந்தது.

ஆனால் அந்த விடை தவறு. 1971-இல் புதிய அளவீடு 89 கி.மீ. என்றது. 2005-இல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடு சுமார் 80 கி.மீ. என்று உறுதி செய்தது. எடிங்டன் அக்குள்ளனை உண்மையைவிடப் பெரியதாக எண்ணிக் கணக்கிட்டிருந்தார். ஆடம்ஸின் தகட்டிலோ அருகிலிருந்த சிரியஸின் ஒளி கலந்துவிட்டிருந்தது. ஆடம்ஸ் வேண்டுமென்றே எண்ணை மாற்றினார் என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்த்த விடை கைக்கு வந்ததும் எல்லோரும் அயர்ந்துவிட்டார்கள். பாட்டியற்ற இரு தவறுகள் ஒத்துப்போயின. ஒத்துப்போனதாலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக ஐயம் எழவில்லை. இவ்வளவு பெரிய அறிஞர்களுக்கே சரியான விடை இப்படிக் கண்ணைக் கட்டிவிடுமானால், பத்தொன்பது வயது மாணவனுக்கு?

நம் சோதனைச் சாலைகள்

தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். விடை 9.8 வரவேண்டும் என்று சோதனை தொடங்கும் முன்பே தெரியும். ஆகவே 9.8-இலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அலைவு நேரங்களை எழுதிவிடுவார்கள் நம் கெட்டிக்காரர்கள்! ஆனால் கடையம், தென்காசி, குற்றாலம் எல்லாம் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குள் இருக்கும் ஊர்கள். இங்கே கடல்மட்டத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78; லண்டனில் 9.81. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதும், சுழல்வதும் இதற்குக் காரணம். பள்ளியின் தனி ஊசலில் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது என்பது மெய்தான். ஆனால் 1672-இல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் நகருக்குச் சென்ற ழான் ரிஷே, தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடுவதைக் கண்டு, அதைப் பதிவு செய்தார். பூமியின் வடிவத்தைப் பற்றி நியூட்டன் வாதிட்டபோது அப்பதிவு கைகொடுத்தது. 'கடிகாரம் பழுது' என்று ரிஷே விட்டிருந்தால்?

"விலகி நிற்கும் அளவீடுகளில் பெரும்பாலானவை வெறும் கவனக்குறைவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பெரும்பாலும் அப்படித்தான். எல்லாப் பிசகும் புதுக் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. பிசகு எது, புதுமை எது என்று பிரித்தறிய முதலில் அந்த எண் தாளில் இருக்கவேண்டும் அல்லவா? அழித்துவிட்டால் இரண்டையுமே இழக்கிறோம்.

"மதிப்பெண் குறையுமே?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. இதில் குற்றம் உங்களுடையது மட்டுமன்று. புத்தகத்து விடைக்கு அருகில் வந்தவருக்கு முழு மதிப்பெண்ணும், விலகியவருக்குக் குறைவும் கொடுக்கும் முறையை வைத்துக்கொண்டு, மாணவன் நேர்மையாக இருக்கவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பது முறையன்று. ஆசிரியர்களும் தேர்வு நடத்துவோரும் இதை மாற்றவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடைக்குக் கொஞ்சம் மதிப்பெண் போதும். எடுத்த அளவீட்டை எடுத்தபடி எழுதியதற்கும், விலகல் ஏன் வந்தது என்று நான்கு வரி சிந்தித்ததற்கும் பெரும்பங்கு கொடுக்கவேண்டும். இந்த மாற்றத்துக்குப் புதிய கருவிகளும் வேண்டாம். பெரிய செலவும் இல்லை.

அந்த மாற்றம் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, அளவீடுகளைப் பென்சிலால் எழுதாமல் பேனாவால் எழுதுங்கள். இரண்டாவது, ஓர் அளவீடு விலகினால் அதே இடத்தில் மறுபடி இருமுறை அளந்து பாருங்கள். பிசகு என்று உறுதியானால், எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மூன்றாவது, மூன்று முறையும் விலகியே வந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியருக்கும் விளங்காமல் போகலாம். அதில் வெட்கம் இல்லை. ரஸ்ஸலுக்கே விளங்கவில்லை!

அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டுமா?

நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் வானம் தெளிந்திருக்கும். நிலவில்லாத நாளில் இரவு 8 மணிக்குக் கடையம் போன்ற ஊரில் தெருவிளக்குகளுக்கு ஒதுங்கி நில்லுங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் கொண்ட ஓரியன் தொகுதியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தென்மேற்கு மூலையில் நீலவெண்மையாகச் சுடர்வது ரைகல். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால், முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. ரைகலிலிருந்து நேர் மேற்கே ஒன்றரை முட்டி அளந்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மங்கலான விண்மீன் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். அதுவே 40 எரிடானி. நம்மிடமிருந்து சுமார் 16 ஒளியாண்டு.

மூன்று, நான்கு அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி பள்ளியிலோ, அருகிலுள்ள அறிவியல் மன்றத்திலோ இருந்தால் அதை இந்த விண்மீன் மீது திருப்புங்கள். பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு சிறு வெண்புள்ளி தெரியும். சிரியஸின் துணையைப் போல ஒளி வெள்ளத்தில் மூழ்காமல் இது தனித்து நிற்பதால், நாம் காண்பதற்கு மிக எளிய வெள்ளைக் குள்ளன் இதுதான். ரஸ்ஸலின் வரைபடத்தில் மூலையில் தனியாக நின்ற அதே விண்மீன்.

பார்த்தபின் நாள், நேரம், வானத்தின் நிலை, தொலைநோக்கியின் அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். பேனாவால் எழுதுங்கள். தெரியவில்லை என்றால், 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.